வலியில்லாக் கட்டி



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது தகுமா எனச் சிலர் தயங்கக்கூடும். கெங்கவல்லி வட்டாரத்துச் சிற்றூர்களின் பெண்கள் இவ்வளவு பேர் ஓரிடத்தில் கூடும் நாள் ஆண்டில் வேறு எத்தனை உண்டு? ஆகவே இன்றே பேசுவதுதான் முறை.

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. 98,000 பேர் உயிரிழந்தனர். உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு இது.

இந்நோயின் வஞ்சகம், தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதாகும். வலித்தால் நம் பெண்கள் யாரிடமாவது சொல்லிவிடுவார்கள். வலியில்லாத சிறு கட்டியைப் பொருட்படுத்துவார் யார்? மரவள்ளி பிடுங்கி முடியட்டும், நோன்பு நிறைவேறட்டும், மகள் திருமணம் நடந்தேறட்டும் என்று மாதங்கள் கழிகின்றன. நாணமும் உடன் சேர்கிறது. கணவரிடம்கூடச் சொல்வதில்லை. சொன்னால் செலவு வருமே என்ற அச்சமும் உண்டு. அதனை நாணம் என்று மட்டும் கூறி ஒதுக்குவது நேர்மையாகாது.

இந்தத் துயரம் கற்றோர் இல்லத்தையும் விட்டுவைத்ததில்லை. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்கு 1923இல் பறிகொடுத்தார். அந்த வேதனையே 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. தொடங்கியபோது 12 படுக்கைகளே இருந்தன. மருத்துவர் சாந்தா தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே செலவிட்டார்.

அடையாறு தொலைவு, பெரிய கருவிகளுக்கு நாம் எங்கே போவது என்று கேட்கலாம். அதற்கு மும்பையில் விடை கிடைத்துள்ளது. டாடா நினைவு மருத்துவமனையினர் 1998இல் தொடங்கி, எளிய குடும்பங்களைச் சேர்ந்த ஒன்றரை இலட்சம் பெண்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற பெண் நலப்பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்த்தனர், மருத்துவருமில்லை, கருவியுமில்லை. இருபதாண்டு முடிவுகள் 2021இல் வெளியாயின. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. இளையோரிடம் அத்தகைய குறைவு தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கைப்பரிசோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. முப்பது வயதைக் கடந்த பெண்கள் நோய்க்குறி இல்லாதபோதும் செல்லலாம். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல் குழிதல், காம்பு உள்ளிழுத்தல், குருதி கலந்த கசிவு ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் காத்திருத்தல் கூடாது. கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதைச் சோதித்தே அறிய இயலும். ஊசியிட்டுச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்னும் பேச்சு தவறானது. சிறிதாய் இருக்கையில் கண்டால், மார்பகம் முழுவதையும் அகற்றாமல் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளிப்பதற்கும் பலருக்கு வழியுண்டு.

தனியே செல்லக் கூச்சமெனில் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே செல்லலாம். ஆடவர்கள் அந்த ஒரு முற்பகல் வீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளட்டும்.