ஊர்க் குழுவும் செய்திப் பெருக்கும்

திருவனந்தபுரத்தில் தமிழர் புதியவர் அல்லர். கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் உண்டு. சாலைக் கடைத்தெருவில் வாணிபம் செய்வோர் உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் குமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணையும் வரையில் அப்பகுதியினருக்கு இதுவே தலைநகரம். தும்பா விண்வெளி மையத்திற்கும், 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கிற்கும் பணியாற்ற வந்தவர்கள் வேறு. இவர்கள் கூடிப் பேசும் இடம் முன்பெல்லாம் கோயில் மண்டபம் அல்லது சங்கத்துக் கூடம். இந்நாளில் அது கைப்பேசியிலுள்ள வாட்ஸப் குழுவாகிவிட்டது. மும்பையிலும் தில்லியிலும் வாழும் நேயர்களுக்கும் இந்நிலை தெரிந்ததே.

எங்கள் குழு 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது தோன்றியது. மத்திய கேரளத்தில் ஆறுகள் கரைபுரண்டன. விழிஞ்ஞம், பூந்துறை முதலிய கடலோர ஊர்களின் மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் விரைந்தார்கள். அரிசியும் போர்வையும் திரட்டவே நாங்கள் குழு அமைத்தோம்; திரட்டவும் செய்தோம். ஆனால், இன்ன வீட்டு மாடியில் இத்தனை பேர் சிக்கியுள்ளனர் என்ற செய்தி, அவர்கள் கரை சேர்ந்த பின்னரும் குழுவுக்குக் குழு தாவிக்கொண்டிருந்தது. செய்தியில் நாளும் இல்லை, நேரமும் இல்லை. முதலில் எழுதியவர் யார் என்பதும் தெரியவில்லை. எந்த அழைப்பு உயிருள்ளது, எது முடிந்துபோனது என்று அறிய வழியில்லை.

அதே நாட்களில் முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிட்டதென்று ஒரு குரற்பதிவு பரவிற்று. அணையில் நீர் 142 அடியைத் தொட்டிருந்தது உண்மை, உடைந்ததென்பது பொய். கேரள மண்ணில் நின்று, தமிழகத்தின் பொறுப்பில் இயங்கி, தமிழக வயல்களுக்கு நீர் தரும் அணை அது. அதைப் பற்றிய பொய், இங்கே அண்டை வீட்டாரோடு கூடி வாழும் தமிழரை எத்தகைய சங்கடத்தில் ஆழ்த்தும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எங்களுள்ளும் சிலர் கேட்ட மாத்திரத்தில் அதனைப் பிறருக்கு அனுப்பினோம். நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினோம்.

ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதென்று அவ்வாண்டிலேயே வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரே இடத்திற்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் அவ்வரம்பை இறுக்கிற்று. ஆனால் குழுவினர் தாமே எழுதிக் குவிப்பதற்கு அணையேது?

காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, திரைப்பட நகைச்சுவை, மூட்டுவலிக்கு மருந்து, அரசியல் சண்டை என்று எங்கள் குழுவில் நாளொன்றுக்கு இருநூறு செய்திக்குக் குறைவில்லை. பலர் குழுவின் மணியோசையை அடக்கிவைத்தார்கள். தண்டோராக்காரன் விடிந்தது முதல் அடைந்தது வரை அடித்துக்கொண்டே இருந்தால் எவர் வாயிலுக்கு வருவர்? அந்நிலையில்தான் ஒரு சித்திரை முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஓர் அம்மையார், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் தம் கணவருக்குப் பி நெகட்டிவ் இரத்தம் வேண்டுமென்று எழுதினார். விஷுவும் அன்றே. கணி கண்ட படங்களும் மாங்காய்ப் பச்சடிப் படங்களும் அவ்வேண்டுகோளின்மேல் வரிசையாக வந்து விழுந்தன. அவ்வகை இரத்தமுடைய எங்கள் உறுப்பினர் ஒருவர், மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர், இரவு ஒன்பது மணிக்கு அதனைக் கண்டார். அதற்குள் வாயிலில் நின்ற மலையாள ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நோயாளி பிழைத்தார். ஆயினும், அந்த அம்மையார் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதே எங்களை மிகவும் உறுத்திற்று.

மறுவாரம் கூடினோம். வாழ்த்துப் படங்களை அறவே விலக்க வேண்டுமென்று பலர் வாதிட்டனர், யாமும் அக்கட்சியே. அப்போது, வலியசாலையில் தனித்து வாழும் பாட்டியம்மாள் ஒருவரைப் பற்றி அவருடைய அண்டைவீட்டார் நினைவூட்டினார். பாட்டியம்மாளின் மக்கள் இருவரும் வெளிநாட்டில். நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு அவரிடமிருந்து ஒரு தாமரைப் படம் வரும். பெரும்பாலோர் அதனைத் திறந்தும் பார்ப்பதில்லை. முந்தின மழைக்காலத்தில் ஒரு நாள் ஏழு மணியாகியும் தாமரை வரவில்லை. ஐயுற்ற அண்டைவீட்டார் சென்று கதவைத் தட்டினார். குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ மாட்டாமல் கிடந்தார் பாட்டியம்மாள். இதைக் கேட்டபின் தாமரையை விலக்குவோம் என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை.

ஆகவே குழுவை இரண்டாக்கினோம். பழைய குழுவில் வாழ்த்தும் வம்பும் வழக்கம்போல. புதிய குழுவில், எம்மையும் சேர்த்து நால்வர் மட்டுமே எழுதலாம், மற்றவர் படிக்கலாம். உதவி வேண்டுவோர் நால்வருள் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல, அவர் விசாரித்து, நாளும் மணியும் இட்டு எழுதுவார். தேவை நிறைவேறியதும் வேண்டுகோளை நீக்கிவிடுவார். இக்குழுவின் மணியோசையை எவரும் அடக்குவதில்லை என்பது உடன்பாடு. இரு குழுக்களுக்கும் அந்நால்வரே நிர்வாகிகள். பழைய குழுவில் பிறர் எழுதும் தகாச் சொல்லுக்குத் தாம் பொறுப்பாக நேருமோ என்று இருவர் அஞ்சினர். உறுப்பினர் இடும் செய்திக்காக நிர்வாகியைக் குற்றவாளியாக்க இயலாதென்று கேரள உயர்நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருப்பதை வழக்கறிஞர் ஒருவர் எடுத்துக்காட்டிய பின்னரே இசைந்தனர்.

இம்முறையிலும் குறை உண்டு. குழுவில் இரண்டு வரி எழுதத் துணிந்தவர்கள்கூட, தொலைபேசியில் வாய்திறந்து கேட்க நாணுகிறார்கள். வேலையிழந்த இளைஞர் ஒருவர் வாடகைக்குத் தவிப்பது எங்களுக்கு மூன்று வாரம் கழித்தே தெரிந்தது. அதுவும் பழைய குழுவில், ஒரு கேலிப் படத்திற்கு அவர் எழுதிய விடையிலிருந்து ஒருவர் உய்த்துணர்ந்தது. அது முதல், நால்வரும் முறைவைத்துப் பழைய குழுவையும் நாள்தோறும் முழுவதும் படித்துவருகிறோம். இவ்வாரம் எம் முறை. நேற்று நூற்றெழுபது செய்திகள். தாமரை ஐந்தரைக்கே வந்துவிட்டது.