சிறைக்கதவு திறக்கும் முறை

நேயர்களே! "ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டுதானே, அது கழிந்ததும் ஆளை விட்டுவிடுவார்கள்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். திண்ணையிலும் ரயில் வண்டியிலும் வழங்கும் இந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை முழு உண்மையென நம்பி நாளை எண்ணிக் காத்திருக்கும் குடும்பங்கள், அந்நாள் வந்தும் கதவு திறவாமை கண்டு திகைக்கின்றன. ஆதலின், நெடுங்காலம் சிறையில் இருப்பவரை விடுவிப்பவர் யார், எந்த விதிப்படி விடுவிக்கிறார், அம்முடிவு தவறாயின் அதனைத் திருத்துவோர் யார் என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இங்கிலாந்தில் பரோல் வாரியம் என்றோர் அமைப்பு உண்டு. கைதியை வெளியே விட்டால் பொதுமக்களுக்குத் தீங்கு நேருமா என்று அது ஆராயும். நேராது எனக் கண்டால், நிபந்தனைகளோடு அவர் வெளியே வாழ வழி செய்யும். நம் நாட்டில் பரோல் என்பதோ சில நாள் விடுப்பே ஆகும். தாயின் ஈமக்கடனுக்கோ மகளின் திருமணத்துக்கோ சென்று, குறித்த நாளில் சிறைக்குத் திரும்பிவிட வேண்டும். காலத்துக்கு முன்னரே விடுதலை அளிப்பதற்குத் தண்டனைக் குறைப்பு என்று பெயர். அதற்குரிய அதிகாரம் அரசாங்கத்தினிடம் உள்ளது. நீதித்துறை, காவல்துறை, சிறைத்துறை ஆகியவற்றின் அதிகாரிகள் அமர்ந்த மறுஆய்வு வாரியங்கள் அரசாங்கத்துக்குப் பரிந்துரை செய்யும், முடிவு அரசாங்கத்தினுடையது.

ஆயுள் தண்டனை எத்தனை ஆண்டு என்னும் வினா 1961ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. காந்தியடிகள் கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, சிறை விதிகளின்படி தாம் ஈட்டிய சலுகை நாட்களைக் கூட்டினால் தம் தண்டனை முடிந்துவிட்டது என்று வாதாடினார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆயுள் தண்டனை என்பது எஞ்சிய வாழ்நாள் முழுவதற்குமான தண்டனை. அரசாங்கம் குறைத்து ஆணையிட்டாலன்றித் தானாக முடியாது என்று தீர்ப்பளித்தது. அவர் விடுதலையானது 1964இல், அரசாங்கத்தின் ஆணையால்.

அப்படியாயின் 14 என்னும் எண் எங்கிருந்து வந்தது? 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433அ என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவரை, 14 ஆண்டுகள் சிறையில் மெய்யாகக் கழிக்கும் முன்னர் விடுவிக்கலாகாது என்பது அதன் கருத்து. 1980இல் உச்சநீதிமன்றம் இதனை ஏற்றது. ஆயினும் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் அரசியலமைப்பு தந்த மன்னிக்கும் அதிகாரத்தை இப்பிரிவு கட்டுப்படுத்தாது என்றும் கூறிற்று. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்துள்ள புதிய நடைமுறைச் சட்டத்திலும் இவ்விதி 475ஆம் பிரிவாக நிற்கிறது. ஆகவே 14 ஆண்டு என்பது கதவு திறக்கும் நாளன்று. கதவைத் தட்டுவதற்கு உரிமை பிறக்கும் நாள்.

தட்டியவர்க்கெல்லாம் திறக்க வேண்டுமா என்றால், வேண்டுவதில்லை. ஆனால் தட்டியவர் யார் என்று பார்க்கவே மறுக்கவும் கூடாது. விடுதலை கேட்க உரிமையில்லை, தம் விண்ணப்பம் நேர்மையாக ஆராயப்படுவதற்கு உரிமையுண்டு என்பதே நீதிமன்றங்கள் கண்ட நடுவழி. அந்த ஆராய்ச்சியில் பார்க்கத்தக்கவற்றை உச்சநீதிமன்றம் 2000இல் வகுத்துக் காட்டிற்று. குற்றம் சமுதாயம் முழுவதையும் தாக்குவதா, அவர் மீண்டும் குற்றம் இழைக்கக் கூடுமா, குற்றம் செய்யும் ஆற்றலையே இழந்துவிட்டாரா, இன்னும் அடைத்து வைப்பதால் பயன் உண்டா, அவர்தம் குடும்பத்தின் நிலை என்ன என்பன அவை.

வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர் குறிப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. விடுதலையை முடிவு செய்யும் அரசாங்கம் எது? பிறந்த ஊரின் அரசாங்கமும் அன்று. குற்றம் நடந்த இடத்தின் அரசாங்கமும் அன்று. தண்டனை விதித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அம்மாநில அரசாங்கம். மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட குற்றமாயின் மத்திய அரசு. இவ்விதியின் வன்மையை அண்மைக்கால வழக்கொன்று காட்டிற்று. 2002இல் குஜராத்தில் நிகழ்ந்த கொடிய குற்றமொன்றின் விசாரணை மும்பைக்கு மாற்றப்பட்டு, 2008இல் அங்கே தண்டனை விதிக்கப்பட்டது. குஜராத் அரசாங்கம் 2022 ஆகஸ்டில் பதினொருவரை விடுவித்தது. கொடுமைக்கு ஆளான பெண்மணியே உச்சநீதிமன்றத்தை நாடினார். அந்த அதிகாரம் மகாராஷ்டிர அரசாங்கத்துக்கே உரியது என்று கூறி, 2024 ஜனவரி 8 அன்று நீதிமன்றம் விடுதலையை நீக்கியது. அவர்கள் மீண்டும் சிறை புகுந்தனர். விதி வழுவிய கருணை ஒருவர்க்குச் சலுகையாகவும் மற்றொருவர்க்கு அநீதியாகவும் முடியும்.

விதி வழுவிய தாமதமும் அவ்வாறே. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்றோரை விடுவிக்கத் தமிழ்நாட்டு அமைச்சரவை 2018இல் பரிந்துரைத்தது. ஆளுநர் நெடுங்காலம் முடிவு செய்யாது, பின்னர் அதனைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். ஆளுநர் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவர் என்று கூறிய உச்சநீதிமன்றம், முப்பதாண்டுக்கு மேல் சிறையிலிருந்த ஒருவரை 2022 மே மாதத்தில் தானே விடுவித்தது. மற்ற அறுவரும் அவ்வாண்டு நவம்பரில் விடுதலை பெற்றனர். இத்தீர்ப்பை வரவேற்றோரும் உண்டு. அக்குண்டுவெடிப்பில் உற்றாரை இழந்து மனம் நொந்தோரும் உண்டு. இருசாராரும் கேட்கத்தக்கது ஒன்றே: முடிவு எதுவாயினும் உரிய காலத்தில், உரியவரால், காரணத்தோடு வரவேண்டும்.

2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் இவ்வழியில் மேலும் ஓர் அடி வைத்தது. விதிப்படி தகுதி எய்தியவரின் நிலையை, அவர் விண்ணப்பிக்காவிட்டாலும் அரசாங்கமே ஆராய வேண்டும். மறுத்தால் காரணம் எழுதி அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. எழுத்தறியாத கைதிக்கும், அவ்வூர் மொழி தெரியாத கைதிக்கும் இது பெருந்துணை.

நேயர்களே! நம் அண்டையில் இத்தகைய துன்பத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கக்கூடும். ஊரில் மனுக்கொடுத்து அலையும் முதிய தாய்க்கு, மனு சேரவேண்டிய இடம் தண்டனை விதித்த மாநிலம் என்று ஒருவர் சொன்னாலே பல ஆண்டு அலைச்சல் மிஞ்சும். சிறையில் இருப்பவர் எவரும், வருவாய் எதுவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும். மறுப்பு வந்தால், காரணம் எழுதிய ஆணையைக் கேட்டுப் பெறுங்கள். காரணம் எழுத்தில் இருந்தால்தான் அதனை உயர்நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாட முடியும்.

சிறைக்கதவு அதிகாரியின் மனம்போல் திறக்கவும் கூடாது. மறதியால் மூடிக்கிடக்கவும் கூடாது. அதற்குச் சட்டமே சாவியாக இருக்க வேண்டும்.