காத்திருப்போர் பக்கத்தில்

(நூற்றாண்டு நன்றி வழிபாட்டைத் தொடர்ந்து நடைபெற்ற ஒன்றுகூடலில், வைத்தியத் துறையிலுள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சங்கத்தினர் எங்களுக்குத் தந்த தலைப்பு 'விசுவாசமும் பொறுமையும்'. கல்முனையில் நின்றுகொண்டு பொறுமையைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். இந்தக் கரையில் காத்திருந்து பழகாத வீடு இல்லை. எங்கள் வயதுக்காரர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் போவதற்கே வருடக் கணக்கில் வீட்டில் இருந்தோம். தையல் பழகினோம், சின்னப் பிள்ளைகளுக்கு டியூசன் கொடுத்தோம், கலியாணப் பேச்சோடு வந்த மாமிமாருக்குத் தேத்தண்ணி ஊற்றினோம். அதெல்லாம் சின்னக் காத்திருப்பு. சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியது.

திருச்சபை நாட்காட்டியில் நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். காத்திருப்பதற்கென்றே ஒதுக்கிய காலம் அது. நத்தார் பிறந்ததும் முடிந்துவிடும். 2004ஆம் ஆண்டு எங்கள் கரையில் அது தலைகீழாக நடந்தது. நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம், காலையில் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று வரிசையாகச் சொன்னால் இந்த மண்டபத்தில் தலைகுனியாதவர் இருக்கமாட்டார். எங்கள் காத்திருப்பு அன்றுதான் தொடங்கியது.

அன்று இடிபாடுகளுக்கு நடுவே உயிரோடு எடுக்கப்பட்ட ஒரு கைக்குழந்தை கல்முனை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டது. அன்றைய பதிவில் 81ஆவது அனுமதி. பெயர் தெரியாததால் அந்த இலக்கமே பெயராயிற்று. உலகமே அந்தப் பெயரைச் சொன்னது. ஒன்பது தம்பதிகள் உரிமை கோருவதாகச் செய்தி பரவியது. ஆனால் நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரியது ஒரேயொரு தம்பதிதான். மற்றவர்கள்? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார். தொட்டிலை எட்டிப் பார்த்து, இது எங்கட புள்ளையாக இருக்கக்கூடாதா என்று ஏங்கியவர்கள். அவர்களைப் பொய்க்காரர் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

அந்தப் பெற்றோரின் வீடும் ஆவணங்களும் அலையோடு போய்விட்டன. மரபணுப் பரிசோதனைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. இடையில் ஒருநாள் தாங்கமுடியாமல் அவர்கள் வார்ட்டுக்குள் புகுந்து பிள்ளையைத் தூக்க முயன்றார்கள். பொலிசார் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு பரிசோதனை முடிவு வந்தது. 2005 பெப்ரவரி 16ஆம் திகதி பிள்ளை தாயின் கைக்கு வந்தது. சுனாமியிலிருந்து 52 நாள்.

அவர்கள் பொறுமையாக இருந்தார்களா? வார்ட்டுக்குள் புகுந்த அந்த ஒரு நாளை வைத்து இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்காலத்தில் சமய பாட வேளை வந்தால் வகுப்பு மூன்றாகப் பிரிந்து வேறுவேறு அறைக்குப் போகும், ஞாபகமிருக்கும். இஸ்லாம் வகுப்பில் யஃகூப் நபியின் கதை. எங்கள் கிறிஸ்தவ வகுப்பில் அதே மனிதர் யாக்கோபு. யோசேப்பின் அங்கியை இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து காட்டுகிறார்கள் மூத்த பிள்ளைகள். எங்கள் வேதாகமத்தில் அவர் யாருடைய ஆறுதலையும் ஏற்க மறுத்து அழுகிறார். குர்ஆனில் அவர் அழகிய பொறுமையைப் பற்றிப் பேசுகிறார். பேசியவரே அழுதழுது கண்பார்வையை இழக்கிறார். இடைவேளையில் ஒருவர் இடியப்பத்தை ஒருவர் பறித்துத் தின்றபோது இதை நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பெரியவர்களாகி, நோயாளிகளின் கட்டிலருகே நின்றபோதுதான் பார்த்தோம். ஸபூரின் முன்மாதிரி என்று சொல்லப்படும் மனிதர் கண் பூக்க அழுதவர். யோபுவும் அப்படித்தான், கடவுளோடு வழக்காடியவர். இவர்கள் எவரிடமும் வாயை மூடு என்று கடவுள் சொன்னதாக எந்த அறையிலும் எங்களுக்குக் கற்பிக்கப்படவில்லை.

வைத்தியர்களாக ஒன்றைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கமுடியாது. மார்பில் கட்டியோடு எட்டு மாதம், பத்து மாதம் கழித்து வரும் பெண்களைக் காண்கிறோம். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டால், "ஸபூரா இருந்தன் டொக்டர்" என்கிறார் ஒருவர். "கர்த்தர் பார்த்துக்கொள்வார் எண்டு இருந்தன்" என்கிறார் இன்னொருவர். அவர் கட்டாரிலிருந்து வரட்டும், மகளின் சோதனை முடியட்டும், நோன்பு கழியட்டும். தங்கைமாரே, இது பொறுமையல்ல. பயம் பொறுமையின் சீலையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 35 வயதானால் உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். கட்டி தெரிந்தால் எந்த வயதானாலும் அந்த வாரமே போங்கள்.

பள்ளி ஒளிவிழா நாடகங்களை நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் வானதூதர் வேடம்தான் வேண்டும், சிறகுக்காகச் சண்டை. மூன்று ஞானிகள் வந்து வணங்கியதும் திரை விழும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் சிமியோனும் அன்னாவும். எங்கள் மேடையில் அவர்களுக்கு இடமே கிடைத்ததில்லை. லூக்கா எழுதும் அன்னா இளவயதில் கணவனை இழந்தவர், 84 வயதுவரை கைம்பெண்ணாகக் கோயிலிலேயே இருந்தவர். குழந்தையைக் கண்டதும் நன்றி சொல்கிறார். பிறகு, மீட்புக்காகக் காத்திருந்த மற்றவர்களைத் தேடி அந்தச் செய்தியைச் சொல்கிறார். யார் யார் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை வருடமும் கண்ணை மூடிச் செபித்துக்கொண்டு மட்டும் இருந்தவருக்கு அது தெரிந்திருக்காது.

எங்களுக்குத் தெரியுமா? 1990ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜூனில் கல்முனையிலும் சுற்றுப்புறத்திலும் கொண்டுபோகப்பட்ட தமிழ் ஆண்களுக்காக இன்னும் படத்தோடு வெயிலில் உட்காரும் தாய்மார் இருக்கிறார்கள். காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. அங்கும் கோப்புத்தான் கூடியது. அதே 1990 ஜூலையில் கல்முனை வீதியால் காத்தான்குடிக்குப் போய்க்கொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் மறித்துக் கொல்லப்பட்டார்கள். எலும்புகளையாவது எடுத்து ஜனாஸாத் தொழுகையோடு அடக்க வேண்டுமென்று அவர்களுடைய குடும்பங்கள் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டிருந்தன. இந்த இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். ஒருவர் வீட்டுக் காத்திருப்பை மற்றவர் கேட்டதில்லை.

2019இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதிலும் குண்டுகள் வெடித்தபோது எங்கள் வட்ஸ்அப் குழு இரண்டு நாள் ஊமையாகக் கிடந்தது. யார் முதலில் எழுதுவது, என்ன எழுதுவது? கடைசியில் ஒருத்தி எழுதியது ஒரே வரி: "சாப்பிட்டீங்களா புள்ளையள்?" அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் அழுகை வந்தது.

சங்கத்திடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டடமும் வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். புற்றுநோய், சிறுநீரகக் கிளினிக் நாட்களில் பொத்துவில், திருக்கோவில் பக்கத்திலிருந்து விடிய முன்னர் பஸ் ஏறி வரும் பெண்கள் நாள் முழுக்கத் தனியே வாங்கில் இருக்கிறார்கள். அவர்களோடு இருக்க, றிப்போட் எங்கே எடுப்பது என்று காட்ட, ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுக்க, மாதம் ஒரு காலைப்பொழுது தரக்கூடியவர்கள் தேவை. இலண்டனிலும் டொரன்டோவிலும் டோகாவிலும் இருப்பவர்கள் மாதத்தில் அரை மணித்தியாலம் தொலைபேசியில் ஒருவரோடு பேசலாம். புத்திமதி வேண்டாம்; கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

வெளியே தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பெயரையும், எந்தக் கிழமை வசதி என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.