எண்களில் ஒளிந்திருக்கும் உணவு
(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஆகவே இலக்கியம் பற்றியே பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ, உணவுப் பொட்டலத்தின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் ஊட்டச்சத்து அட்டவணை. எனினும் தமிழை விட்டு நெடுந்தொலைவு விலகிவிடவில்லை. விடுகதையைத் தொல்காப்பியம் 'பிசி' என்னும் பெயரால் குறிப்பிட்டு, செய்யுளியலில் இடமளித்துப் போற்றுகிறது. பெயரை மறைத்துப் பண்புகளை மட்டும் கூறி, பொருளைக் கண்டறியச் செய்வது விடுகதை. பெயரை மறைத்துவிட்டால் அந்த அட்டவணையும் ஒரு விடுகதையே.

இதை எனக்கு உணர்த்தியவர்கள் விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தியும் பேரனும். ஒருவர் அடுக்களைக்குச் சென்று ஒரு பொட்டலத்தை எடுத்து, பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, நூறு கிராமுக்கு உரிய எண்களை மட்டும் படிக்க வேண்டும். மற்றவர்கள் மூன்று முயற்சிக்குள் உணவின் பெயரைச் சொல்ல வேண்டும். இதுவே அவர்கள் வகுத்த விளையாட்டு.

முதல் புதிர் எளிது. "ஆற்றல் 400 கிலோ கலோரி, மாவுச்சத்து 100 கிராம், புரதம் இல்லை, கொழுப்பு இல்லை" என்றாள் பேத்தி. சர்க்கரை என்றேன். அடுத்தது, "ஆற்றல் 900, கொழுப்பு 100, மற்றவை இல்லை." எண்ணெய் என்றேன். "எந்த எண்ணெய், பாட்டி?" என்று மடக்கினான் பேரன். அங்கே திகைத்தேன். நிறைவுற்ற கொழுப்பின் அளவைக் கேட்டால் விடை கிடைக்கும் என்பதைப் பின்னரே அறிந்தேன். நல்லெண்ணெயில் அது ஏறத்தாழ 15 கிராம். நெய்யில் 60 கிராமைத் தாண்டும். தேங்காயெண்ணெயில் 90 கிராமை எட்டும். ஆற்றல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. இந்த ஓர் எண்ணே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

இவ்விளையாட்டுக்கு இரண்டு திறவுகோல்கள் உண்டு. முதலாவது, ஒரு கிராம் புரதத்துக்கு 4, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9 கிலோ கலோரி என்னும் கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறிஞர் வில்பர் அட்வாட்டர் செய்த ஆய்வுகளின் வழியே நிலைபெற்றது இது. இரண்டாவது, கூட்டுத்தொகை. புரதம் 3, கொழுப்பு 3, மாவுச்சத்து 5 என்று படித்தால், மூன்றும் சேர்ந்து 11 கிராமே ஆகின்றன. எஞ்சிய பெரும்பகுதி என்ன? நீர். ஆக அது பால். புரதம் 22, மாவுச்சத்து அறுபதுக்கு அருகில், கொழுப்பு இரண்டுக்கும் குறைவு என்றால், அது உலர்ந்த பருப்பு. புரதம் 25, கொழுப்பு ஏறத்தாழ 40 என்றால் நிலக்கடலை.

பொட்டலத்தில் வராத தானியங்களையும் காய்களையும் வைத்து ஆட விரும்பினால் அதற்கும் வழியுண்டு. நம் நீலகிரியின் குன்னூரில், 1918ஆம் ஆண்டு, பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், இராபர்ட் மெக்காரிசன் என்பவர் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவே இந்திய ஊட்டச்சத்து ஆய்வுக்கு வித்தாக அமைந்தது. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து அளவுகளைத் தொகுத்து 1937இல் வெளியிட்டார். அந்நிறுவனம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்கும் அதுவே, 2017இல் 528 உணவுகளுக்கான அட்டவணைகளை வெளியிட்டது. அதைப் பார்த்தால் அரிசியும் கேழ்வரகும் மாவுச்சத்தில் பெரிதும் வேறுபடா. ஆனால் அரிசியில் சுண்ணாம்புச்சத்து பத்து மில்லிகிராம் அளவே. கேழ்வரகிலோ ஏறத்தாழ 350. நம் முன்னோர் குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டியதன் பொருத்தம் அந்த ஓர் எண்ணில் விளங்கும்.

இதுவரை விளையாட்டு. இனி நான் சொல்லப்போவது விளையாட்டன்று.

என் கணவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. உப்பைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியதும், ஊறுகாய்ச் சாடியை எடுத்து ஒளித்தேன். அப்பளம் வாங்குவதை நிறுத்தினேன். குழம்பிலும் பொரியலிலும் உப்பைப் பாதியாக்கினேன். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் உண்டார். நாவுக்குச் சுவையாக ஏதேனும் தர வேண்டுமே என்று, கடையில் சூப் தூள் வாங்கிவந்து காலையும் மாலையும் ஒரு கோப்பை கலந்து கொடுத்தேன். உறையின் மேல் தக்காளியும் பச்சைக் காய்களும் படமாக இருந்தன. சில மாதங்கள் சென்றன. அழுத்தம் குறையவில்லை. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

அன்று பேத்தி படித்தாள்: "ஆற்றல் 350, மாவுச்சத்து 78, அதில் சர்க்கரை 30, புரதம் 6, கொழுப்பு ஒன்றரை, சோடியம் 4,000 மில்லிகிராம்." இனிப்பும் உப்பும் சேர்ந்திருக்கின்றனவே என்று, "இனிப்பு மாங்காய் ஊறுகாய்" என்றேன். "ஊறுகாயில் எண்ணெயும் நீரும் இருக்குமே, பாட்டி! இது காய்ந்த பொருள்" என்றாள். மூன்று முயற்சியும் வீணாயின. அவள் கையை எடுத்தாள். நான் நாள்தோறும் கலந்து கொடுத்த அதே சூப் தூள்.

தாள் எடுத்துக் கணக்கிட்டோம். ஒரு கோப்பைக்குத் தூள் 15 கிராம். சோடியம் 600 மில்லிகிராம். இரண்டு கோப்பைக்கு 1,200. ஒரு கிராம் சோடியம் இரண்டரை கிராம் உப்புக்குச் சமம். ஆக, மூன்று கிராம் உப்பு. ஒரு நாள் முழுமைக்கும் ஐந்து கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அதில் பாதிக்கும் மேற்பட்டதை, மருந்து என்று எண்ணி, நானே கோப்பையில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் சினக்கவில்லை. "குழம்பில் குறைத்தவளும் நீ, கோப்பையில் கூட்டியவளும் நீ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிரக்கணக்கான மாணவர்க்குப் படிக்கக் கற்பித்தவள், தன் அடுக்களையில் இருந்த பத்து வரியைப் படிக்காமல் விட்டேனே என்னும் நாணமே மிகுந்தது. இப்போது தக்காளியை வேகவைத்து மசித்து, மிளகும் சீரகமும் இட்டு நானே வடித்துக் கொடுக்கிறேன்.

ஒன்றை மறவாதிருப்போம். எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடா. விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படும் ஜெலட்டின், அட்டவணையில் வெறும் 'புரதம்' என்றே நிற்கும். உருளைக்கிழங்கு மாவும் சோள மாவும் ஒரே 'மாவுச்சத்து' ஆகிவிடும். எதிலிருந்து வந்தது என்பதை அறியப் பச்சைச் சதுரத்துள் அமைந்த பச்சை வட்டத்தையும், சேர்மானப் பட்டியலையும் காண வேண்டும். எடை மிகுந்தது முதலிலும் குறைந்தது இறுதியிலும் வருவதே அப்பட்டியலின் வரிசை. இவ்வவையினர் பலருக்கு அப்பட்டியலைப் பார்த்து வாங்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு என்பதை அறிவேன். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் எண்களையும் சேர்த்துப் படியுங்கள் என்பதே என் வேண்டுகோள். எதிலிருந்து வந்தது என்பதைப் பட்டியல் சொல்லும். எவ்வளவு என்பதை எண்கள் சொல்லும்.

இன்று வீட்டுக்குச் சென்றதும் பேரப்பிள்ளைகளை அழையுங்கள். ஒரு பொட்டலத்தை எடுத்து, பெயரை மறைத்து, படிக்கச் சொல்லுங்கள். தோற்றாலும் நன்மையே. நான் தோற்ற அந்த ஒரு புதிரால்தான், என் இல்லத்தில் ஒருவருடைய உணவு திருந்தியது.