வேர் ஒன்று, கிளை பல
(வெள்ளி விழா ஆண்டு விவிலிய வகுப்பில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அரபுச் சொற்களின் பிறப்பு. கோயிலுக்கும் அரபு மொழிக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நம் ஆண்டவர் பேசிய அரமேய மொழிக்கும், பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எழுதப்பெற்ற எபிரேய மொழிக்கும் அரபு உடன்பிறந்த மொழி. ஆகவே தொடர்பு உண்டு. அதுவும் இரத்த உறவு.

இம்மொழிகளுக்கு, நோவாவின் மகன் சேமின் பெயரைக் கொண்டு, செமித்திய மொழிகள் என்று 1781-இல் பெயரிட்டவர் ஷ்லோட்சர் என்ற ஜெர்மானிய அறிஞர். பண்டைய பாபிலோனின் அக்காதிய மொழியும், எத்தியோப்பியத் திருச்சபையின் வழிபாட்டு மொழியாகிய கீஸ் மொழியும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றுள் ஒன்று தாய், மற்றது மகள் என்று எண்ணவேண்டாம். மறைந்துபோன ஒரு தாய்க்குப் பிறந்த சகோதரிகள் இவை.

இக்குடும்பத்தின் சொல்லமைப்பு நம் தமிழைப் போன்றதன்று. நாம் 'எழுது' என்ற பகுதியை மாற்றாமல் வைத்துக்கொண்டு, பின்னால் விகுதி சேர்த்து 'எழுதினான்', 'எழுதுவாள்' என்கிறோம். அவர்களுக்கோ பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளே வேர். க், த், ப் என்னும் மூன்றும் எழுதுதலைக் குறிக்கும். இடையே உயிரொலிகளை மாற்றினால் 'கதப' என்பது எழுதினான், 'காதிப்' எழுதுபவன், 'கிதாப்' நூல், முன்னால் ஒரு மகரம் சேர்த்தால் 'மக்தப்', எழுதும் இடம். எபிரேய விவிலியத்தின் மூன்றாம் பகுதிக்குக் 'கெத்துவீம்' என்று பெயர். எழுத்துகள் என்று பொருள். வேர் அதே மூன்றுதான்.

காதுக்கு ஒத்து ஒலித்துவிட்டால் உறவாகிவிடுமா? ஆகாது. ஒலி மாற்றத்தில் ஓர் ஒழுங்கு இருக்கவேண்டும். தமிழின் பால், பல், பத்து ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து என்று வருகின்றன அல்லவா? அதுபோல், அரபில் 'ஸ' வரும் இப்படிப்பட்ட பொதுச் சொற்களில் எபிரேயத்தில் 'ஷ' வரும். நாவுக்கு அரபில் 'லிஸான்', எபிரேயத்தில் 'லாஷோன்'. தலைக்கு 'ரஃஸ்', 'ரோஷ்'. அமைதிக்கு 'ஸலாம்', 'ஷாலோம்'. 'இஸ்லாம்', 'முஸ்லிம்' என்ற சொற்களும், சாலமோன் என்ற அரசனின் பெயரும் இந்த ஒரே வேரில் கிளைத்தவை.

உறவு வேறு, கடன் வேறு என்பதையும் மறக்கலாகாது. க், ர், ப் என்னும் வேருக்கு நெருங்குதல் என்பது பொருள். இறைவனை நெருங்கக் கொண்டுவரும் காணிக்கையே எபிரேயத்தில் 'கொர்பான்'. மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில் இச்சொல்லைக் காணலாம். வேர் அரபுக்கும் சொந்தமே. ஆயினும் 'குர்பான்' என்ற வடிவத்தை அரபு மொழி அரமேயத்திலிருந்து பெற்றது என்பர் அறிஞர். பக்ரீத் நாளில் இஸ்லாமிய அன்பர்கள் தரும் 'குர்பானி'யும், கேரளத்துச் சீரோ மலபார் மக்கள் திருப்பலிக்கு வழங்கும் 'குர்பானா' என்ற பெயரும் இவ்வாறு ஒரு கிளையின் இரு மலர்கள்.

நம் வீட்டு வாசலுக்கும் இவ்வேர்கள் வந்திருக்கின்றன. உறுதி, நம்பகம் என்ற பொருளுடைய வேரிலிருந்து நம் 'ஆமென்' பிறந்தது. அவர்களின் 'ஆமீன்' அதுவே. நம்பத்தக்கவர் என்று பொருள்படும் 'அமீன்' என்ற அரபுச் சொல்தான் நம் கோர்ட்டு அமீனாவாயிற்று. அவர் ஜப்திக்கு வரும்போது 'ஆமென்' சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனாலும் சொல் ஒன்றே! மாவட்டத்தை ஜில்லா என்று சொல்லி வந்தோமே, அதன் அரபு மூலத்துக்கு விலா எலும்பு, பக்கம் என்று பொருள். ஆதியாகமத்தில் ஏவாளைப் படைக்க எடுக்கப்பட்ட விலாவைக் குறிக்கும் 'ஸேலா' என்ற எபிரேயச் சொல் அதன் உடன்பிறப்பு.

என் உள்ளத்தை மிகவும் தொட்ட வேர் ர், ஹ், ம். அரபில் 'ரஹிம்' என்றால் கருப்பை. 'ரஹ்மத்' என்றால் இரக்கம். எபிரேயத்தில் 'ரெஹெம்' கருப்பை, 'ரஹமீம்' இரக்கம். தன் பிள்ளைக்கு இரங்காமல் தாய் மறப்பாளோ என்ற கருத்தை இறைவாக்கினர் இசையாஸ் 49-ஆம் அதிகாரத்தில் கூறுமிடத்தில் வருவதும் இவ்வேரே. ரகுமான், ரகீம் என்று நம் தெருவில் பெயர் சொல்லி அழைக்கிறோம். அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்று முஸ்லிம்கள் இறைவனை ஏத்தும் திருப்பெயர்கள் அவை. அவற்றுள் ஒரு தாயின் மடி இருக்கிறது.

சிலுவையில் தொங்கியபோது நம் ஆண்டவர் 'எலோயி' என்று தந்தையைக் கூவியதை மாற்கு எழுதியிருக்கிறார். அச்சொல்லுக்கு உறவான 'அல்லா' என்ற பெயராலேயே லெபனானிலும் எகிப்திலும் அரபு பேசும் கிறிஸ்தவர்கள் இன்றும் திருப்பலியில் இறைவனை அழைக்கின்றனர். அப்படியிருக்க, அப்பெயரைக் கேட்டு நம்மில் ஒருவர் முகம் சுளிக்கலாமா?

வேர் ஒன்றாயிருப்பதால் கொள்கையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. நம் விசுவாசம் நமக்கு உண்டு. அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு உண்டு. ஆனால் இஸ்லாமியரைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகிறது என்று 1965 அக்டோபர் 28-இல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அந்த மதிப்பை ஏட்டில் வைத்துவிட்டு நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. நாளை அண்டை வீட்டார் 'ஸலாம்' என்று சொன்னால், உயிர்த்த ஆண்டவர் தம் சீடருக்குச் சொன்ன சமாதானத்தின் உடன்பிறப்பு அது என்று அறிந்து, மலர்ந்த முகத்தோடு மறுமொழி கூறுங்கள். ஆமென்.