மணிமேகலையை நறுக்காதீர்கள்!



போன மாதம் மும்பையில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தேன். டீச்சர் பதிவேட்டைப் பார்த்து "முருகன்" என்று கூப்பிடுகிறார். எழுந்து நிற்பது இரட்டைச் சடை போட்ட பெண் குழந்தை! படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். தமிழரான நமக்கேது குடும்பப் பெயர்? அப்பன் பேரை எழுதிவிட்டார்கள். அவள் பேர் மணிமேகலை. அதையும் "நீளமா இருக்கு" என்று பெற்றவர்களே 'மேகா'வாக நறுக்கிவிட்டார்கள்.

நீளமா? ஐந்தே எழுத்து! கோவண்டியில் ஏறினால் 'சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்' என்று ரயில் முழங்குகிறதே, அப்போது யாருக்காவது காது வலித்ததா?

இந்தப் பேர் மராத்திக்காரருக்குப் புரியாதாம். மேகலை என்றால் இடையில் அணியும் நகை. 'மேகலா' அவர்களுக்கும் தெரிந்த சொல்தான். கப்பல் கவிழ்ந்த முன்னோனைக் காத்த கடல்தெய்வத்தின் பேரைத்தான் சிலப்பதிகாரக் கோவலன் தன் மகளுக்கு வைத்தான். தாய்லாந்து புயலுக்குக் கொடுத்த 'மேக்கலா' என்ற பேரும் அந்தத் தெய்வத்தின் பேர்தான். கடல் கடந்து வாழ்கிறவளுக்கு நம் வாசலில்தான் இடமில்லை!

"வெறும் இடுப்பு நகைதானே?" என்பார் சிலர். அகராதி சொல்வது பேரில் பாதி. மீதியை அந்தப் பேர்க்காரி சம்பாதித்தாள். ஆடல்மகள் மாதவிக்கும் கோவலனுக்கும் பிறந்த அவளுக்கு ஊர் ஆடலரங்கைக் காட்டியது. அவளோ அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையிலெடுத்தாள். ஆதிரை என்ற நல்லாள் இட்ட முதல் பிச்சையோடு பசித்தவரைத் தேடிப் போனாள். சோழ மன்னனிடம் கேட்டது பொன்னா, மணியா? சிறைச்சாலையை அறச்சாலையாக்கு என்றாள்! சாத்தனார் 'மணிமேகலை' காப்பியமாகப் பாடிய அந்தக் கதையை 1898-இல் உ.வே.சா. ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். நாம் 'மேகா' என்று கூப்பிடவா?

பேர் வைத்ததோடு கடமை முடிந்தது என்போருக்கும் ஒன்று சொல்வேன். 1927 முதல் மும்பையின் குப்பை வந்து விழும் மேடு நம் தேவ்நாரில் இருக்கிறது. அந்த மேட்டில் பழைய சாமான் பொறுக்கும் பிள்ளை காலையில் சாப்பிட்டதா என்று கேட்டிருக்கிறோமா? கேட்காத வாய்க்கு மணிமேகலை வெறும் இடுப்பு நகைதான்!

நாளைக் காலை பள்ளிக்கூடம் போங்கள். முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். மகளின் டப்பாவில் இரண்டு இட்லி கூடுதலாக வையுங்கள். இடைவேளையில் அதைக் கேட்டு வாங்கும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை, ஐந்தெழுத்தையும் தானாகவே கற்றுக்கொள்ளும்.