உட்கார வைக்கிற அன்பும், எழுந்து நிற்க வைக்கிற அறிவியலும்



'முதுமையில் நம்மைத் தாங்கிப் பிடிப்பது உறவுகளின் அன்பா? அறிவியலின் வளர்ச்சியா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் உருக்கமாக ஒரு கேள்வி கேட்டார். "கீழே விழுந்த அம்மாவைத் தூக்கி விட செல்போனுக்குக் கை இருக்கா?" நீங்களும் கை தட்டினீங்க. நான் திருப்பிக் கேட்கிறேன். விழுந்த பிறகு தூக்கி விடுறது பெரிசா? விழாமலே பார்த்துக்கிறது பெரிசா? (கைதட்டல்)

விழுறதுன்னா என்னமோ சின்ன விஷயம்னு நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து உயிரை விடுகிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். உயிர் இழப்பவர்களில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். இதை "விதி"ன்னு சொல்லிட்டுப் போக முடியுமா நடுவர் அவர்களே?

எங்க பெரியம்மாவுக்கு 72 வயசு. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். ஐம்பது வருஷம் நடவு நட்டவங்க. நாத்துக்கட்டைத் தலையில் வச்சுக்கிட்டு, ஒரு அடி அகலம்கூட இல்லாத வரப்பில் சரசரன்னு நடந்தவங்க. ஒரு நாள் கொல்லைப்புறத்தில், பாசியில் கால் வழுக்கி உட்கார்ந்துட்டாங்க. எலும்புக்கு ஒண்ணும் ஆகல்லை. ஆனா வீடே பதறிப் போச்சு.

"அம்மா, நீங்க எதுக்கும் எழுந்திரிக்காதீங்க!" இது மகன். மருமகள் காபியைக் கட்டிலுக்கே கொண்டு வந்தாள். பேரன் தண்ணிச் சொம்போட ஓடி வந்தான். அன்பு நடுவர் அவர்களே, அத்தனையும் அன்பு! ஆறு மாசம் அந்த அன்பு நடந்தது. அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? திண்ணையை விட்டு இறங்கவே பெரியம்மா சுவரைத் தேட ஆரம்பிச்சாங்க.

ஏன்? வேலை கொடுக்காத தசை மெலிஞ்சு போகும். வயசான காலத்தில் இன்னும் சீக்கிரமா மெலியும். விழுந்த பயத்தில் நடக்கிறதில்லை. நடக்காததால் தொடையில் பலமில்லை. பலமில்லாததால் மறுபடியும் விழுறாங்க. இந்தச் சுழலில் பெரியவங்களைத் தள்ளி விடுறது எது? "பேசாம உட்காருங்க"ன்னு சொல்ற அதே அன்புதான்! (பலத்த கைதட்டல்)

அப்ப அறிவியல் என்ன செஞ்சது? கும்பகோணத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பொண்ணு ஒரு தடவை நேரில் வந்து பார்த்தது. ரத்த அழுத்தம், பார்வை, சாப்பிடுற மாத்திரை எல்லாம் விசாரிச்சது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியுதான்னு பார்த்தது. அதுக்கப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் செல்போனில் வீடியோ வகுப்பு. ஏழெட்டுக் கிராமத்துப் பெரியவங்க, அவங்கவங்க வீட்டுக் கூடத்தில், ஒரே வகுப்பில்!

முதல் நாள் பெரியம்மா போனைக் காதில் வச்சுக்கிட்டாங்க. (சிரிப்பு) ஒரு குடத்தில் சாய்ச்சு வச்சா, மின்விசிறி மட்டும் தெரியுது. "பாட்டி, எனக்கு உங்க கால் தெரியணும்"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. "இதென்னடி கூத்து! முகத்தைப் பார்த்துப் பேசுற போன்ல காலைக் காட்டச் சொல்றாளே!" (சிரிப்பு)

ஆனா விஷயமே அந்தக் காலில்தான் இருக்கு. நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுக் குதிகாலைத் தூக்கி இறக்கணும். உட்கார்ந்து உட்கார்ந்து எழணும். பிடிமானத்தோட ஒத்தைக் காலில் நிற்கணும். ஒரு காலின் விரல் நுனியில் மறு காலின் குதிகாலை வச்சு நேர்கோட்டில் நடக்கணும். அதைப் பார்த்ததும் பெரியம்மா கேட்டாங்க: "அட, இது நம்ம வரப்பு நடைதானே?" ஆமாம்! வரப்பு சொல்லிக் கொடுத்ததை, வயலுக்குப் போறது நின்ன பிறகு, திரை சொல்லிக் கொடுக்குது. (கைதட்டல்)

எதிரணியில் கேட்பாங்க, "இதுக்கெல்லாம் ஆதாரம் உண்டா?" உண்டு. உலகம் முழுக்க நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியிட்டார்கள். உடற்பயிற்சி செய்த முதியவர்கள் விழுவது 23 சதவிகிதம் குறைந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 70 வயதைக் கடந்த 503 பேரை வைத்து ஒரு ஆய்வு. அதில் ஒரு பாதிப் பேர் வீட்டிலேயே கணினித் திரையைப் பார்த்து, நிலை தடுமாறாமல் நிற்கும் பயிற்சி செய்தார்கள். முதல் வருஷம் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. விடாமல் தொடர்ந்தார்கள். இரண்டு வருஷக் கணக்கைப் பார்த்தால், பயிற்சி செய்தவர்கள் விழுவது 16 சதவிகிதம் குறைவு! 2021-ல் வந்த முடிவு இது. பத்து நாள் செஞ்சுட்டு "ஒண்ணும் தெரியலையே"ன்னு விட்டுடக் கூடாது என்பதுதான் இதில் பாடம்.

நம்ம தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறாங்க. நல்ல திட்டம். ஆனா ஊர் ஊராச் சுத்துற ஒருத்தர், ஒரே வீட்டுக்கு வாரா வாரம் இரண்டு மூணு நாள் வர முடியுமா? அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்தத் திரை வேணும்கிறேன்.

இன்னொரு தயக்கம் உண்டு. "என் பேத்தி வயசுப் பொண்ணுகிட்ட நான் நடக்கக் கத்துக்கணுமா?" இதை எந்த ஊரில் கேட்டாலும் கேட்கலாம், சுவாமிமலையில் கேட்கலாமா? அப்பனுக்கே பிள்ளை உபதேசம் பண்ணின தலம் இது! கைகட்டி, வாய்பொத்திக் கேட்ட சிவபெருமானே கௌரவம் பார்க்கல்லை. நமக்கென்ன கௌரவம்? (பலத்த கைதட்டல்) இந்த ஊர் ஸ்தபதிகள் வார்க்கிற நடராஜர் ஒத்தைக் காலில்தான் நிற்கிறார். அவருக்குச் சுத்தித் திருவாசி இருக்கு. உங்களுக்கு ஒரு நாற்காலி போதும்! (சிரிப்பு)

எதிரணி நண்பர்களே, அன்பு வேண்டாம்னு நான் சொல்லல்லை. பயிற்சி செய்யும்போது பக்கத்தில் ஒரு ஆள் நிற்கணும். ஈரத் தரையைத் துடைக்கணும். கொல்லைக்குப் போற வழியில் ஒரு விளக்கு போடணும். தலைசுற்றல், நெஞ்சுவலி, சமீபத்தில் எலும்பு முறிவு இருந்தா, டாக்டரைக் கேட்காமல் பயிற்சியே ஆரம்பிக்கக் கூடாது. சிக்னல் விட்டு விட்டு வரும். பேரன்தான் சரி பண்ணணும். இதையெல்லாம் செய்யறது அன்புதான். ஆனா அந்த அன்புக்கு, 'என்ன செய்யணும், எதைச் செய்யக் கூடாது'ன்னு கண்ணைத் திறந்து விடுறது யாரு? அறிவியல்தானே!

நிறைவாக ஒன்று. இந்தக் கோயிலுக்குப் படிகள் 60. பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருஷங்கள் அறுபதையும் குறிக்கிற படிகள். அறுபது வருஷத்தையும் பார்த்து முடிச்ச ஒரு மனுஷன், அந்த அறுபது படியையும் தன் சொந்தக் காலால் ஏறி சாமியைப் பார்க்கணும். பிள்ளைகள் தோளில் சுமந்துக்கிட்டுப் போறது அன்பு. நான் மறுக்கல்லை. ஆனா எங்கப்பா தானே ஏறணும், நான் பின்னால் ஒரு படி தள்ளி வரணும். அந்த நாளைத் தரக்கூடியது அறிவியலின் வளர்ச்சியே, வளர்ச்சியே என்று கூறி, நடுவர் அவர்கள் எங்கள் அணிக்கு நல்ல தீர்ப்பு வழங்க வேண்டுமென்று கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)